எழுதியவருக்கும் கூலி உண்டு: பம்மல் சம்பந்த முதலியாரின் வாழ்க்கை சொல்லும் பாடம்

பல்லாவரம் ரயில் நிலையத்தில் இறங்கி மேற்கே போனால் பம்மல் வந்துவிடும். நம் சமுதாயத்து மக்களில் பலருக்கு பம்மல், நாகல்கேணி என்றதும் தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வரும். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து தோல் வியாபாரக் குடும்பங்களுக்கு அது பழகிய பெயர். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி அமைக்கப்பட்டபோது தாம்பரம், பல்லாவரம், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகியவற்றோடு பம்மலும் அதில் சேர்ந்துகொண்டது.

தமிழ் நாடகத்தின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கோ பம்மல் என்றால் ஓர் ஊர் அல்ல, ஒரு மனிதர். பம்மல் சம்பந்த முதலியார். தம் முன்னோரின் ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு சுமந்து, 90-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதி அச்சிட்டு மேடையேற்றியவர். வக்கீலாகவும் நீதிபதியாகவும் வேலை பார்த்துக்கொண்டே இத்தனையையும் செய்தவர். 1873 முதல் 1964 வரை, 91 வயது வரை வாழ்ந்தார். அவருடைய உழைப்பையும், அந்த உழைப்புக்கு உரிய மதிப்பை அவர் கேட்டுப் பெற்ற விதத்தையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாடகக்காரரின் வாழ்க்கை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். மேடை நாடகம், ஆண் பெண் வேடம் கட்டுவது, பாட்டுக் கச்சேரி ஆகியவை குறித்து நம் உலமாக்களுக்கு உள்ள ஆட்சேபனைகளை நாமும் அறிந்தவர்களே. அந்த விவாதத்தை இங்கே தீர்க்கப் போவதில்லை. ஒருவர் எந்தத் துறையில் இருந்தாலும், அவர் நேரத்தை எப்படிச் செலவிட்டார், சொன்ன சொல்லை எப்படிக் காத்தார், தம் உழைப்பின் பலனை எப்படிக் கணக்கு வைத்தார் என்பதிலிருந்து பாடம் எடுப்பதற்குத் தடையில்லை. மேலும் நம் வீடுகளிலும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்த வாழ்க்கை நேரடியாகவே பேசும்.

வெறுப்பிலிருந்து தொடங்கிய ஈடுபாடு

சம்பந்த முதலியார் 1873 பிப்ரவரியில் சென்னையில் பிறந்தார். ஜார்ஜ் டவுனில் உள்ள ஆச்சாரப்பன் தெருவில்தான் அவர்கள் வீடு. தந்தை விஜயரங்க முதலியார் கல்வித் துறையில் பணியாற்றியவர். தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டு வெளியிட்டவரும்கூட. எனவே புத்தகம் என்பது எங்கிருந்து வருகிறது, அதற்கு என்ன செலவாகிறது என்பதைச் சம்பந்தம் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தார். தாயார் மாணிக்கவேலு அம்மாள் சொன்ன கதைகளும் அவர் மனதில் பதிந்தன.

இவ்வளவு இருந்தும், தமிழ் நாடகம் என்றாலே அவருக்கு ஆரம்பத்தில் பிடிக்காது. அன்றைய சென்னையில் நடந்த கூத்துகள் விடிய விடிய நீளும். பாட்டுக்கு நடுவே கொச்சையான பேச்சு வரும். படித்த குடும்பத்தார் ஒதுங்கியே நிற்பார்கள். மேடையேறுகிறவரைக் கூத்தாடி என்று சொல்வதே ஒரு வசையாக இருந்த காலம் அது. ஆங்கில நாடகங்களைப் பார்த்துப் பழகிய மாணவருக்குத் தமிழ் மேடை தாழ்வாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

1891-ல் பல்லாரியிலிருந்து ஒரு தெலுங்கு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. அதை நடத்திய கிருஷ்ணமாசார்லு தொழிலால் வக்கீல். அவரோடு மேடையேறியவர்களிலும் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். அந்த நாடகங்கள் 18 வயது சம்பந்தத்தின் எண்ணத்தையே மாற்றிவிட்டன. தெலுங்கில் முடிவது தமிழில் ஏன் முடியாது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. 1891 ஜூலை 1 அன்று, விரல்விட்டு எண்ணக்கூடிய நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார்.

பிடிக்காத ஒன்றைக் கண்டால் திட்டிவிட்டுப் போவது எளிது. அதையே சரியாகச் செய்து காட்டுகிறேன் என்று இறங்குவது கடினம். அவர் இரண்டாவதைத் தேர்ந்தார்.

பகலில் கோர்ட், மற்ற நேரத்தில் எழுத்து

சபையின் முதல் நாடகமாக அவரே எழுதியது 'புஷ்பவல்லி'. தொடர்ந்து 'லீலாவதி-சுலோசனா' வந்தது. 1895-ல் 'மனோகரா' மேடையேறியது. மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்று, சட்டம் படித்து, 1898-ல் வக்கீலானார். 1924-ல் சென்னை ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதியாக நியமிக்கப்பட்டு 1928-ல் ஓய்வு பெற்றார்.

இந்த ஆண்டுகளைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்க வேண்டும். மாணவராக, வக்கீலாக, நீதிபதியாக இருந்த ஏறக்குறைய 37 ஆண்டுகளும் அவருக்குச் சோறு போட்டது நாடகம் அல்ல. குடும்பம், கோர்ட், கட்சிக்காரர்கள், வழக்குக் கட்டுகள் எல்லாவற்றுக்கும் நடுவே எழுதினார். எழுத நேரமில்லை என்று சொல்லும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நேரம் கிடைத்தபோது எழுதியவர் அல்ல அவர். எழுத்துக்கென்று நேரத்தை ஒதுக்கி வைத்தவர். ஒத்திகைக்கு உரிய நேரத்தில் வருவது, பாடத்தை மனனம் செய்திருப்பது ஆகியவற்றில் அவர் கண்டிப்பானவர் என்று பெயர் பெற்றவர்.

சபையில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எந்தக் குணம் பொருந்தும் என்று பார்த்து, அந்த ஆட்களுக்கேற்பப் பாத்திரங்களை எழுதுவது அவர் வழக்கம். நல்ல தையற்காரர் ஆளை அளந்து துணி வெட்டுவது போன்ற வேலை இது. இதனால் நாடகம் தாளிலேயே தூங்காமல் மேடைக்குப் போயிற்று.

பாட்டுக்கு நடுவே பேச்சு என்றிருந்த தமிழ் நாடகத்தில், உரைநடைப் பேச்சை முதன்மையாக்கியது அவருடைய பெரிய மாற்றம். விடிய விடிய நடந்ததைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். மறுநாள் வேலைக்குப் போகிறவரும் குடும்பத்தோடு வந்து பார்க்கலாம் என்ற நிலை வந்தது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆகவும், வெனிஸ் வணிகனை 'வாணீபுரத்து வணிகன்' ஆகவும், மக்பெத்தை 'மகபதி' ஆகவும் தமிழாக்கினார். பெயர்களைக்கூடக் காதுக்கு ஒட்டும்படி மாற்றிய நுட்பத்தைக் கவனியுங்கள்.

'மனோகரா' கதையின் மையம் ஒரு தாயின் சொல். வசந்தசேனை என்ற பெண்ணின் வலையில் அரசன் விழுந்து கிடக்கிறான். வீரனான மகனால் எதுவும் செய்ய முடிகிறது. ஆனால் பொறுமையாக இருக்கும்படி தாய் பத்மாவதி கேட்டுக்கொண்டதால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு நிற்கிறான். தாய் அனுமதி தந்த பிறகே சங்கிலியை அறுக்கிறான். மகனின் வீரத்தைவிட அவன் தாய்க்குக் கொடுத்த மரியாதைதான் அந்தக் கதையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது என்பது நம் எண்ணம். 'சபாபதி'யோ நகைச்சுவை. எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்ற சின்ன வித்தையை வைத்து, வேலைக்காரனின் அசட்டுத்தனத்தில் சபையைச் சிரிக்க வைத்தார். வரவேற்பைக் கண்டு அதற்கு அடுத்தடுத்த பாகங்களும் எழுதினார்.

நடிப்பது இலவசம், எழுத்து இலவசமல்ல

நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம் இனிமேல்தான்.

சுகுண விலாச சபை பணத்துக்காக நடிக்கும் குழு அல்ல. வக்கீல்கள், உத்தியோகஸ்தர்கள், படித்தவர்கள் விருப்பத்துக்காக நடித்த சபை. பின்னாளில் அரசியலில் புகழ்பெற்ற எஸ். சத்தியமூர்த்தி அதன் மேடையில் நடித்தவர். ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் சபையோடு தொடர்புடையவர். அந்த மேடையில் சம்பந்த முதலியார் பணம் எதிர்பார்க்காமல் நடித்தார், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தார்.

ஆனால் தம் நாடகத்தை மற்றக் குழுக்கள் ஆட வந்தபோது அவர் வேறு முறையைக் கடைப்பிடித்தார். ஆட விரும்புகிறவர் ஆசிரியரிடம் அனுமதி பெற வேண்டும், அதற்குரிய தொகையைச் செலுத்த வேண்டும் என்றார். நாடகங்களைத் தாமே புத்தகமாக அச்சிட்டு விற்றார். அந்தக் காலத்தில் ஊர் ஊராகச் சுற்றிய குழுக்கள், எழுதியவரைக் கேட்காமலேயே நாடகத்தை எடுத்து ஆடுவது சாதாரணம். கொட்டகைக்கு வாடகை உண்டு, விளக்குக்கு எண்ணெய்ச் செலவு உண்டு, நடிகருக்குச் சாப்பாடும் சம்பளமும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் மூலமான கதையை எழுதியவருக்கு மட்டும் ஒன்றும் கிடையாது. அந்த வழக்கத்தைத் தமிழ் மேடையில் எதிர்த்து நின்றவர்களில் அவர் முன்வரிசையில் இருக்கிறார்.

அவர் வக்கீல் என்பது இங்கே பயன்பட்டிருக்கும். உரிமை என்பது கேட்காவிட்டால் தேய்ந்துபோகும் என்பதைக் கோர்ட்டில் தினமும் பார்த்தவர். 1914-ல் இந்தியாவுக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், புத்தகத்தை அச்சிடும் உரிமையோடு நாடகத்தை மேடையேற்றும் உரிமையையும் ஆசிரியருக்கே உரியதாக வைத்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதாது. அதைச் சொல்லி நிற்க ஓர் ஆள் வேண்டும்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. பிரான்சில் போமார்ஷே என்ற நாடக ஆசிரியர் 1777-ல் சக எழுத்தாளர்களைத் தம் வீட்டுக்கு அழைத்து, நாடகக் கொட்டகைகள் எழுதுகிறவர்களுக்குச் சரியாகக் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று சங்கம் கூட்டினார். 1791-ல்தான் அங்கே அதற்குச் சட்டம் வந்தது. ஷேக்ஸ்பியர் வசதியாக வாழ்ந்தது புத்தகம் விற்று அல்ல. தாம் இருந்த நாடகக் குழுவில் பங்குதாரராக இருந்ததால். நம் உருது மேடையின் ஷேக்ஸ்பியர் என்று புகழப்பட்ட ஆகா ஹஷ்ர் காஷ்மீரி, சம்பந்த முதலியாரின் காலத்தவர். பார்சி நாடகக் கம்பெனிகளில் சம்பளத்துக்கு எழுதினார். 'யஹூதி கி லட்கி' அவருடையது. கம்பெனிக்குச் சம்பள ஆளாக எழுதுவது ஒரு வழி. வேறு தொழிலில் சம்பாதித்துக்கொண்டு எழுத்தின் உரிமையைத் தம் கையிலேயே வைத்திருப்பது இன்னொரு வழி. சம்பந்த முதலியார் எடுத்தது இந்த இரண்டாம் வழி. வயிற்றுப்பாடு நாடகத்தை நம்பி இல்லாததால், பேரம் பேசும்போது அவர் தாழ்ந்து போகவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

அவர் பணத்தாசை பிடித்தவர் என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தாம் கற்றதை மற்றவர்களுக்குக் கற்றுத் தருவதில் அவர் தாராளமானவர். சபையினர் 1911-ல் கொழும்புக்குப் போய் நாடகம் நடத்தினார்கள். அதைப் பார்த்து எழுச்சி பெற்ற யாழ்ப்பாணத்துக் கலையரசு சொர்ணலிங்கம், அவரைத் தம் குருவாகவே கொண்டு, இலங்கையில் சுபோத விலாச சபையை வளர்த்தார். தமிழ்நாட்டில் டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவும் 'மனோகரா'வை ஆடிப் பெயர் பெற்றது. உரிமையைக் கேட்டதால் அவர் நாடகங்கள் பரவுவது நின்றுவிடவில்லை. இதை நாம் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏனென்றால் விலை வைத்தால் யாரும் படிக்கமாட்டார்கள் என்ற பேச்சு இன்றும் நம்மிடையே இருக்கிறது.

மூவரில் நீண்ட காலம் வாழ்ந்தவர்

தமிழ் நாடகத்துக்கு அந்தத் தலைமுறையில் மூன்று பேரைத் தூண்களாகச் சொல்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள், பரிதிமாற் கலைஞர், சம்பந்த முதலியார். பரிதிமாற் கலைஞருக்கும் நம் தாம்பரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. அவர் தமிழ்ப் பேராசிரியராக இருந்தது சென்னை கிறித்தவக் கல்லூரியில். அன்று நகரத்தில் இருந்த அக்கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தது. 'ரூபாவதி', 'கலாவதி' முதலிய நாடகங்களும் 'மதிவாணன்' என்ற நாவலும் எழுதிய அவர், 1903-ல் 33 வயதிலேயே காலமானார். சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் மறைந்தார். அந்த இருவரும் போன பிறகும் சம்பந்த முதலியாருக்கு நீண்ட ஆயுள் மிச்சம் இருந்தது. அதை அவர் வீணாக்கவில்லை.

1923-ல் அவருடைய நெருங்கிய நண்பரும், அவரோடு பெண் வேடங்களில் நடித்தவருமான சி. ரங்கவடிவேலு இறந்தது அவருக்குப் பேரிழப்பு. ஆனாலும் எழுத்து நிற்கவில்லை. நீதிபதிப் பதவியிலிருந்து ஓய்வு பெற்றதும், பார்த்ததையும் கேட்டதையும் எழுதிவைக்கத் தொடங்கினார். 'நாடக மேடை நினைவுகள்' சுதேசமித்திரனில் வந்து, 1932 முதல் ஆறு பாகங்களாகப் புத்தகமாயிற்று. அன்றைய சென்னையில் மேடை எப்படி இருந்தது என்பதை அறிய இன்றும் ஆய்வாளர்கள் முதலில் எடுப்பது அந்தப் புத்தகத்தைத்தான். அவர் எழுதிவைக்காமல் போயிருந்தால் அவரோடு மேடையில் நின்றவர்களில் பலருடைய பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது.

பேசும்படம் வந்தபோது அவர் அறுபதை நெருங்கியிருந்தார். புதியது என்று விலகி நிற்கவில்லை. 'மனோகரா' 1936-ல் படமானபோது, மேடையில் பல காலம் மகனாக நடித்தவர் படத்தில் தந்தை புருஷோத்தமனாக நடித்தார். வயதுக்கேற்ற இடத்தை ஏற்றுக்கொள்வதும் ஒரு பக்குவம்தான். பிறகு ஏ.வி.எம். வழியாக 'சபாபதி' 1941-லும் 'வேதாள உலகம்' 1948-லும் படங்களாயின. 1954-ல் மு. கருணாநிதியின் வசனத்தில், சிவாஜி கணேசன் நடிப்பில் 'மனோகரா' மீண்டும் வந்தது. 1895-ல் ஒரு மாணவர் எழுதிய நாடகம், 59 ஆண்டுகள் கழித்தும் புதிய தலைமுறைக்கு வேலை கொடுத்தது.

1959-ல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. முதுமையில் கண்பார்வை மங்கியது. எழுத முடியாத நிலையில், தாம் சொல்லச் சொல்லப் பிறரை எழுத வைத்தார். தன் வரலாற்றை 1960-களில் புத்தகமாகத் தந்தார். 1964 செப்டம்பர் 24 அன்று காலமானார்.

நம் வீட்டுக் கணக்கு

இந்த வாழ்க்கையை நம் பக்கம் திருப்பிப் பார்ப்போம்.

தமிழ் முஸ்லிம்களுக்கு எழுத்து புதிதல்ல. இலங்கையின் சித்தி லெப்பை 1885-லேயே 'அசன்பே சரித்திரம்' என்ற நாவலைத் தந்தார். தமிழின் தொடக்க கால நாவல்களில் அது ஒன்று. நாகூரில் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளி சென்ற சித்தி ஜுனைதா பேகம் 1938-ல் 'காதலா கடமையா' நாவலை வெளியிட்டார். உ.வே. சாமிநாதையர் அதற்கு மதிப்புரை எழுதினார். அலிபாதுஷா நாடகம், அப்பாஸ் நாடகம் என்று நம் முன்னோர் எழுதிய நாடகங்களும் உண்டு. ஆனால் இவர்கள் எழுத்தால் என்ன சம்பாதித்தார்கள், அச்சுச் செலவாவது திரும்பி வந்ததா என்று நாம் கேட்டதே இல்லை. எழுதுவது சேவை, புத்தகம் என்றால் அன்பளிப்பு என்று நினைத்துப் பழகிவிட்டோம்.

உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொல்லும் மார்க்கத்தில் இருந்துகொண்டு, எழுதுகிறவரின் வியர்வை மட்டும் நம் கண்ணில் படாமல் போகிறது. கல்யாணத்தில் பந்தல்காரருக்கும் பிரியாணி மாஸ்டருக்கும் பேசியபடி எண்ணிக் கொடுக்கிறோம். அதே கல்யாணத்துக்கு வாழ்த்துப் பா எழுதித் தந்தவருக்கு ஒரு சால்வை போதும் என்று முடித்துவிடுகிறோம். புத்தக வெளியீட்டு விழாவுக்குப் போய் தேநீர் குடித்துவிட்டு, புத்தகத்தைச் சும்மா வாங்கி வருகிறோம். உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் புத்தகத்தை ஸ்கேன் செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, நன்மை செய்ததாக மகிழ்கிறோம். மதரஸா ஆண்டு விழாவில் பிள்ளைகள் பேசும் உரையாடலை யார் எழுதியது என்று அறிவிப்பில்கூடச் சொல்வதில்லை.

எதை இலவசமாக எடுக்கலாம், எதை எடுக்கக்கூடாது என்பதற்கும் தெளிவான எல்லை இருக்கிறது. நம் நாட்டின் சட்டப்படி ஓர் ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. சம்பந்த முதலியார் 1964-ல் இறந்தார். 2024-உடன் அந்தக் காலமும் முடிந்துவிட்டது. அவருடைய நாடகங்களை இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், படிக்கலாம், இணையத்தில் பகிரலாம். தம் வாழ்நாளெல்லாம் உரிமையைக் கேட்டுக் காத்தவரின் சொத்து, உரிய காலம் கழிந்ததும் முறைப்படி எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இன்று எழுதுகிறவரின் புத்தகம் அப்படியல்ல.

எழுதும் ஆசையுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். அந்த ஆசையைக் கேலி செய்யாதீர்கள். அதை நம்பிப் படிப்பை விடவும் சொல்லாதீர்கள். ஒரு தொழிலைக் கையில் கொடுங்கள், எழுதுவதற்கென்று தினமும் ஒரு நேரத்தையும் பழக்குங்கள். எழுதியதற்கு விலை கேட்பது வெட்கப்பட வேண்டிய காரியமல்ல என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை நம் ஜமாஅத்தில் யாராவது ஒரு புத்தகத்தை வெளியிட்டால், அட்டையில் போட்டிருக்கும் விலையைக் கொடுத்து ஒரு பிரதி வாங்குங்கள். முடிந்தால் நூலகத்துக்கு இன்னொன்றும் வாங்கி வையுங்கள்.